அக்காவும் ஆற வைத்த கத்தியும்

எங்கள் அருமை அக்கா இறைவனில் இளைப்பாறி இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உற்றார் உறவினர் கையிலும் அக்காவின் நண்பர்கள் கையிலும் இந்தச் சிறு மலரைக் கொடுக்கிறோம். கட்டுரையை நான்தான் எழுத வேண்டும் என்று அக்காவின் மகன் கேட்டுக்கொண்டான். "சித்தி, ரெண்டு பக்கம் போதும். நல்லதா நாலு விஷயம் எழுதுங்க. பழைய வம்பெல்லாம் வேண்டாம்" என்றான். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தியவளிடம் பக்கக் கணக்கு சொல்லக்கூடாது என்று பாவம் அவனுக்குத் தெரியவில்லை. நல்லது நாலும் எழுதுகிறேன். பழைய கதை ஒன்றையும் எழுதுகிறேன். அதை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாரோ ஒரு அம்மாளைப் பற்றிய கட்டுரையாகிவிடும்.

அக்கா பிறந்தது சாந்தோமில், கோயிலுக்குப் பின்னால் கடற்காற்று நேரே வந்து மோதும் ஒரு சந்தில். அப்பா பங்குப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அக்கா மூத்தவர். ஆறு வருடம் கழித்து நான். எனக்குப் பின் ஒரு தம்பி. தம்பி இருந்தான் என்பதே உறவினர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. இரண்டு வயதில் வைசூரி அவனைக் கொண்டுபோய்விட்டது.

அதற்கு முந்தைய வருடம், அம்மை குத்துகிறவர் எங்கள் சந்துக்கு வந்திருந்தார். அந்தக் காலத்தில் அவர் தலையைக் கண்டாலே தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். குத்தினால் காய்ச்சல் வரும், கை வீங்கும் என்று பயம். எங்கள் அம்மாவும் தம்பியைப் பாயில் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். ஒன்பது வயது அக்கா வாசலில் நின்றுகொண்டு, "தம்பி அத்தை வீட்டுக்குப் போயிருக்கான்" என்று சொன்னார். வந்தவர் பதிவேட்டில் அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். மறு கோடையில் தம்பி இல்லை. சொல்லிக்கொடுத்தது அம்மாதான். ஆனாலும் அந்தப் பொய் தன் வாயிலிருந்து வந்தது என்பதை அக்கா கடைசிவரை மறக்கவில்லை.

வளர்ந்து படித்து முடித்ததும் அக்கா போய்ச் சேர்ந்த வேலை அம்மை குத்தும் வேலை. பெண்களையும் அதில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உறவுக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். "கௌரவமா டீச்சர் வேலை இருக்கும்போது, தெருத்தெருவா போய்க் கையைக் கீறுறது ஒரு வேலையா?" என்று எங்கள் பெரியம்மா கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அப்பா தடை சொல்லவில்லை. அம்மா அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தார்.

பயிற்சி வகுப்பு நடத்திய டாக்டர் கதை சொல்வதில் கெட்டிக்காரர் போலிருக்கிறது. அக்கா தினமும் வீட்டுக்கு வந்து அந்தக் கதைகளை எனக்குச் சொல்வார். இங்கிலாந்தில் ஒரு கிராமத்து வைத்தியர், பால் கறக்கும் பெண்களுக்கு வைசூரி வருவதில்லை என்று கவனித்தார். மாட்டின் மடியிலிருந்து அவர்கள் கையில் தொற்றிய சின்ன அம்மை, பெரிய அம்மையை உள்ளே விடாமல் தடுத்துவிடுகிறது. அந்தக் கொப்புளத்து நீரை எடுத்து ஒரு பையன் கையில் கீறி வைத்தார். பையனுக்குப் பெரியம்மை வரவில்லை. ஏன் வரவில்லை என்பது அவருக்கும் தெரியாது. காரணம் தெரிய இன்னும் இரண்டு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. பிரெஞ்சுக்காரர் ஒருவர் வளைந்த கழுத்துள்ள குப்பியில் சாற்றைக் கொதிக்க வைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார். சாறு கெடவில்லை. கழுத்தை உடைத்ததும் கெட்டுப்போயிற்று. கெடுதல் தானாக வருவதில்லை, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வெளியிலிருந்து வந்து கெடுக்கின்றன என்று அப்போதுதான் உலகத்துக்குப் புரிந்ததாம்.

ஒருநாள் வகுப்பில் மைக்ராஸ்கோப் கண்ணாடி வழியே ஒரு சொட்டுக் குட்டைத் தண்ணீரைக் காட்டியிருக்கிறார்கள். அன்றோடு எங்கள் வீட்டு நிம்மதி போயிற்று. குடிக்கும் தண்ணீர் கொதித்தது, டம்ளர் கொதித்தது, என் தலைவாரும் சீப்பு கூடக் கொதித்தது. கொதித்த சீப்பு கோணிக்கொண்டு போனதும் நான் அழுதேன். "வைசூரிக் கிருமியையும் பார்த்தியாக்கா?" என்று கேட்டேன். "அது அந்தக் கண்ணாடிக்கும் தெரியாதுடி. அவ்வளவு சின்னது" என்றார். "அப்போ கடவுள் மாதிரின்னு சொல்லு" என்றேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது.

இனி நான் சொல்ல வந்த கதை. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடி, பிறகு மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். திரும்பியவர்களோடு வைசூரியும் வந்தது. மயிலாப்பூரில் வீட்டுக்கு வீடு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. அக்காவுக்கு ஒதுக்கப்பட்ட பகுதிகளில் நொச்சிக்குப்பமும் ஒன்று. கோடை விடுமுறை என்பதால், புதிதாகப் பள்ளி வேலையில் சேர்ந்திருந்த நான் பதிவேடு எழுத அக்காவோடு போவேன். எனக்கு அப்போது இருபது வயது.

குப்பத்தில் யாரும் கையை நீட்டவில்லை. வருவது ஆத்தா. அவளைத் தடுக்க ஊசி எடுத்துக்கொண்டு போனால் அவள் கோபம் கடலில் இருக்கும் ஆண்கள் மேல் இறங்கும் என்று பயந்தார்கள். அக்கா நான்கு நாள் வெறுமனே போய் மணலில் உட்கார்ந்துவிட்டு வந்தார். அங்கே கருவாடு காய வைத்துக்கொண்டிருந்த அஞ்சலை என்ற பெண்தான் முதலில் பேச்சுக் கொடுத்தார். அவருக்கு ஐந்து வயதில் தேசம்மா என்று ஒரு மகள், கைக்குழந்தையாக ஒரு மகன்.

"இன்னாம்மா, டெய்லி வந்து குந்திக்கினு கீற? உனுக்கு வேற வேல இல்லியா?" என்றார் அஞ்சலை.

"மீனுக்கு ஏன் உப்பு போடுறீங்க?" என்று அக்கா கேட்டார்.

"நல்லா கேட்ட போ. உப்பு போடாங்காட்டி புழு வெச்சிடும். இத்தக் கேக்கவா படிச்சிட்டு வந்த?"

"புழு வச்ச பிறகு உப்பு போட்டா?"

"அப்பால போட்டு இன்னா பிரயோஜனம்? மின்னாடியே போடணும்."

"அதேதான். நோய் வந்த பிறகு நான் குத்தினா பிரயோஜனம் இல்லை. முன்னாடியே குத்தணும். நான் கொண்டுவந்திருக்கிறது உப்பு மாதிரிதான்."

அஞ்சலை கொஞ்ச நேரம் கருவாட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்துபோய்க் குப்பத்துப் பெரியவரிடம் பேசினார். பெரியவர் ஒரு நிபந்தனை போட்டார். "மொதல்ல உங்க வூட்டு ஆளுக்குக் குத்து. எல்லாரும் பாக்கட்டும். அப்பால எங்க புள்ளைங்க." அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோயில் திருவிழாவில் ஆட்டைப் பார்ப்பது போலத்தான் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அம்மை குத்தும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கன்றுக்குட்டியின் தோலில் வளர்த்து எடுத்த அம்மைப்பால், மெல்லிய கண்ணாடிக் குழாயில் வரும். வெயில் படாமல் ஈரத்துணி சுற்றி மண் கலயத்தில் வைத்திருப்பார்கள். கையில் ஒரு சொட்டு விட்டு, அதன் மேல் சிறு கத்தியை வைத்துத் திருக வேண்டும். கத்தி என்றால் அரிவாள்மனை அல்ல. பேனா அளவு பிடி, நுனியில் பல் வைத்த சின்ன வட்டம். ஒருவருக்குக் குத்தியதும் அதை ஸ்பிரிட் விளக்கின் தீயில் காட்டிவிட்டுத்தான் அடுத்தவருக்குக் குத்த வேண்டும். ஒருவர் ரத்தத்தில் உள்ள கிருமி இன்னொருவருக்குப் போகக்கூடாது. இதற்காகவே இரண்டு கத்திகள் உண்டு. ஒன்று ஆறும்போது மற்றது வேலை செய்யும்.

அன்றைக்கென்று ஒரு கத்தி மணலில் விழுந்து, பல் வளைந்துவிட்டது. இருந்தது ஒன்றே ஒன்று. எதிரே நாற்பது பிள்ளைகளுக்கு மேல் வரிசையில் நின்றார்கள். பின்னால் தாய்மார்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். எந்த நிமிடமும் ஒருத்தி பிள்ளையை இழுத்துக்கொண்டு போகலாம், ஒருத்தி போனால் எல்லோரும் போவார்கள். அக்காவின் நெற்றியில் வேர்வை வழிந்தது. தீயில் காட்டுவதை மட்டும் அவர் விடவே இல்லை. தீயில் காட்டினார், என் கையில் வைத்தார், திருகினார். மறுபடி தீ, அடுத்த பிள்ளை. தேசம்மா எனக்கு அடுத்து நின்றாள்.

"யம்மா, சுடுது!" என்று கத்தினாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல கண்ணு, எறும்பு கடிச்ச மாதிரிதான். முடிஞ்சுபோச்சு" என்றார் அக்கா. நான் பதிவேட்டில் அவள் பெயரை எழுதினேன். அவளுக்குப் பிறகும் பல பிள்ளைகள் அழுதார்கள். பிள்ளைகள் அழத்தானே செய்யும் என்று நினைத்தோம். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா சிரித்துக்கொண்டே வந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எட்டாம் நாள் போய்ப் பார்க்க வேண்டும். குத்திய இடத்தில் கொப்புளம் எழும்பியிருந்தால் பலித்தது என்று பொருள். அக்கா முதல் கையைப் பார்த்தார். இரண்டாவது கையைப் பார்த்தார். பத்தாவது கைக்குப் பிறகு வரிசையை விட்டுவிட்டுக் கிடைத்த கையையெல்லாம் பிடித்துப் பார்த்தார். ஒரு கையிலும் கொப்புளம் இல்லை. காய்ந்த கீறல் மட்டும் இருந்தது. கைக்குழந்தைகளின் கை கூடத் துடைத்த பலகை மாதிரி இருந்தது. அதே நாளில் குப்பத்தின் தென்கோடியில் இரண்டு குடிசைகளில் வேப்பிலை செருகியிருப்பதைப் பார்த்தோம். வெளியூரிலிருந்து திரும்பிய குடும்பம். பத்து நாட்களுக்கு மேலாகவே அங்கே ஒருவர் முத்துப் போட்டுப் படுத்திருக்கிறார். நாங்கள் குத்த வந்த அன்றும் அவர் உள்ளேதான் இருந்திருக்கிறார். பாய்க்குள் சுருட்டி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம் மட்டும் அல்லவே.

அக்காவுக்கு மேலே ஒரு மூத்தவர் இருந்தார். இருபது வருடம் அம்மை குத்திப் பழகியவர். கச்சேரி ரோடு பக்கம் அவர் பொறுப்பு. அக்கா நடந்ததைச் சொன்னதும் அவர் பதற்றமே படவில்லை.

"வெயில்ல பால் செத்திருக்கும்மா. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? 'பலித்தது'ன்னு எழுதிட்டு வேலையைப் பாருங்க. எவன் போய் ஒவ்வொரு கையா எண்ணப்போறான்?"

"உங்களுக்கும் அதே பெட்டியிலருந்துதானே குழாய் கொடுத்தாங்க. உங்களுக்குப் பலிச்சுதா?"

"எனக்கு எல்லாம் எழும்பிடுச்சு" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டார்: "நான் உங்கள மாதிரி விளக்கெல்லாம் ஏத்துறதில்லம்மா. வேட்டியில ஒரு துடை, அடுத்த கை. கிருமி கிருமின்னு நீங்கதான் பயப்படுறீங்க. இப்ப பாருங்க, அழுக்கு வேட்டிக்குப் பலிக்குது, உங்க விளக்குக்குப் பலிக்கல."

இந்த வார்த்தை அக்காவை அறைந்தது. பால் கெடவில்லை. அப்படியானால் கோளாறு அக்காவின் கையில்தான். ஆனால் எங்கே? வகுப்பில் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்ததாகத்தான் நினைத்தார். சுத்தமாகச் செய்தவர் தோற்றார், அழுக்கு வேட்டி ஜெயித்தது. அப்படியானால் அந்தப் பிரெஞ்சுக்காரரும் குப்பியும் எல்லாமே பொய்யா? காரணம் தெரியாமல் மறுபடி போய்க் குத்தினால் மறுபடியும் பலிக்காது. மூன்றாம் முறை குப்பத்தில் காலே வைக்க முடியாது. யோசித்துக்கொண்டு உட்காரவும் நேரமில்லை. தொற்றியவர்களுக்கு உடனே குத்தினால்தான் தப்ப வழி உண்டு. ஒவ்வொரு நாளும் ஒரு குடிசையின் கணக்கு. பதிவேட்டில் "பலிக்கவில்லை" என்று வரிக்கு வரி என்னை எழுதச் சொன்னார். எழுதிய பக்கத்தை மூத்தவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். "வேலை போயிடும் ஜாக்கிரதை" என்று அவர் சொன்னாராம். அக்கா சாப்பிடவில்லை. இரண்டு நாள் பயிற்சி வகுப்பு நோட்டையே புரட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை நடந்ததற்கு நான் காரணம் என்று எப்போதும் பெருமையடித்துக்கொள்வேன். முந்தைய மாலை பாலுக்கு உறை ஊற்றும் வேலை என்னுடையது. எனக்கு அவசரம். அடுப்பிலிருந்து இறக்கிய பாலில் மோரை அப்படியே ஊற்றி மூடி வைத்துவிட்டுப் போய்விட்டேன். காலையில் அம்மா பாத்திரத்தைத் திறந்தால் தயிருக்குப் பதிலாகப் பால் தளதளவென்று நின்றது.

"கொதிக்கிற பால்ல யாராவது உறை ஊத்துவாங்களாடி? மோர் செத்துப்போச்சு! கை பொறுக்கிற சூடு வர்ற வரைக்கும் ஆற விடணும்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது? இருபது வயசாச்சு, புத்தி மட்டும் வளரல" என்று அம்மா பிடித்துக்கொண்டார்.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் அந்தப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா, என்ன சொன்னீங்க? மறுபடி சொல்லுங்க" என்றார். அம்மா விழித்தார். "மோர் செத்துப்போச்சுன்னேன்" என்றார்.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். "தீயில காட்டினேன். ஆற விடலை. அம்மைப்பாலும் உயிருள்ளதுதானே. சூட்டுக் கத்தியால அதையும் கொன்னுட்டேன்" என்றார். கிருமியைப் பற்றிப் படித்தது ஒன்றும் பொய்யில்லை. கெட்டதைக் கொல்லும் தீ நல்லதையும் கொல்லும் என்பதைத்தான் மறந்துவிட்டார். பக்கத்தில் இருந்தே நானும் மறந்தேன். இரண்டு கத்தி வைத்து வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை, எங்கள் அம்மா தினமும் தயிர்ப் பானையில் செய்துகொண்டிருந்தார்.

பத்து மணிக்குள் குப்பத்தில் இருந்தோம். தும்பை விட்டு வாலைப் பிடிக்கப் போகிறோம் என்று எனக்கு உள்ளூரப் பயம். பெரியவர் வழியை மறித்துக்கொண்டு நின்றார். பின்னால் பத்துப் பதினைந்து ஆண்கள். வலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

"இன்னாத்துக்கு வந்துக்கினீங்க? நீங்க வந்துட்டுப் போனதுக்கு அப்பாலதான் ஆத்தா இறங்கிக்கீறா. போங்க!"

"நான் குத்தினது பலிக்கல. மறுபடி குத்தணும்" என்றார் அக்கா.

"ஏன் பலிக்கல?"

வெயில் என்று சொல்லியிருக்கலாம். பால் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த மூத்தவர் கையில் எடுத்துக் கொடுத்த சாக்கு அது. நான் அக்காவின் முந்தானையை இழுத்தேன், சொல்லிவிடு என்று. அக்கா அதை உதறிவிட்டார்.

"என் மேல தப்பு. கத்தியைச் சூடா வச்சுக் குத்திட்டேன். மருந்து செத்துப்போச்சு."

கூட்டத்தில் சத்தம் எழுந்தது. யாரோ ஒருவர் என் கையிலிருந்த பதிவேட்டைத் தட்டிவிட்டார். அது மணலில் விழுந்தது. எடுக்கக் குனியவும் எனக்குப் பயமாக இருந்தது. அப்போது அஞ்சலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். இடுப்பில் தேசம்மா. அவள் கண்கள் சிவந்திருந்தன. தலை தாயின் தோளில் தொங்கியது. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து காய்ச்சலாம்.

"நீயா சொல்ற, உன் தப்புன்னு?" என்று அஞ்சலை கேட்டார்.

"ஆமா."

தேசம்மா தலையைத் தூக்காமலே முனகினாள். "நான் அன்னிக்கே சொன்னேன்லமா, சுடுதுன்னு."

கூட்டம் அடங்கிப்போயிற்று. அக்கா அந்தக் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறியதை அஞ்சலையும் பார்த்தார்.

"இவுளுக்கு வந்துடுச்சி, அப்டித்தானே?"

"வந்திருக்கலாம். இவளுக்குக் குத்தினாலும் இப்போ லேட். கைக்குழந்தைக்குக் குத்தினா தப்பலாம். உங்களுக்கும்" என்றார் அக்கா.

அந்த அம்மாள் அக்காவை அடித்திருந்தால் நான் தப்பு சொல்லமாட்டேன். அவர் தேசம்மாவை என் கையில் கொடுத்தார். மணலில் உட்கார்ந்தார். தன் கையை நீட்டினார். "பொய் சொல்றவளா இருந்தா வெயிலு மேல பழியப் போட்டுட்டுப் போயிருப்பா. குத்துமா. எனுக்குக் குத்து, அப்பால என் புள்ளைக்கு" என்றார். பெரியவர் ஏதோ சொல்ல வந்தார். அஞ்சலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா விளக்கேற்றினார். கத்தியைத் தீயில் காட்டினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மாதாவை நோக்கிச் சொல்லும் பிரியதத்த மந்திரம் ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை வாய்க்குள் சொன்னார். அதுதான் அவர் கண்ட அளவு. ஒரு மந்திரம் முடிந்தால் கத்தி ஆறியிருக்கும். தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டு அஞ்சலைக்குக் குத்தினார். மறுபடி தீ, மறுபடி மந்திரம், மறுபடி மணிக்கட்டு. "அந்தம்மா மந்திரம் போட்டுக் குத்துது" என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். சாயங்காலம் வரை ஆயிற்று. ஒருவரும் எழுந்து போகவில்லை. போய்விடுவார்கள் என்று பயந்துதானே அன்றைக்கு அத்தனை அவசரம்.

அந்த எட்டு நாட்களை எப்படிக் கழித்தோம் என்று எனக்கு இப்போதும் சொல்லத் தெரியாது. தேசம்மாவுக்கு மூன்றாம் நாள் முத்து எழும்பியது. அக்கா தினமும் போய் அந்தக் குடிசை வாசலில் உட்கார்ந்தார். அழைத்தால் உள்ளே போனார், இல்லாவிட்டால் வெளியே இருந்தார். எட்டாம் நாள் கைகளைப் பார்த்தபோது அஞ்சலையின் மகன் கையில் இரண்டு கொப்புளங்கள் முத்துப் போல நின்றன. ஒவ்வொரு கையாகப் பார்க்கப் பார்க்க நான் "பலித்தது" என்று எழுதிக்கொண்டே வந்தேன். அக்கா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் குப்பத்தில் வேறு குடிசையில் வேப்பிலை ஏறவில்லை. தேசம்மா பிழைத்தாள். முகம் முழுதும் தழும்பு. இடது கண் போய்விட்டது.

அக்காவின் மீதி வாழ்க்கை உங்களுக்குத் தெரிந்ததுதான். வேலை போகவில்லை. ஓய்வு பெறும்வரை பார்த்தார். தியாகராய நகருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். அத்தானை முன்னால் அனுப்பிவிட்டு ஒரே மகனை ஆளாக்கினார். அக்கா குத்திய தழும்பு உங்களில் எத்தனையோ பேர் கையில் இருக்கிறது. மாம்பலம் மார்க்கெட் கூப்பிடு தூரத்தில் இருந்தும், மீன் வாங்க நொச்சிக்குப்பத்துக்குத்தான் போவார். வளர்ந்து சாலையோரம் கூடை வைத்த தேசம்மாவைத் தவிர வேறு யாரிடமும் மீன் வாங்கியதில்லை. "அந்தக் கிழவிக்கு அப்படி என்ன மீன் பைத்தியம்" என்று கேலி செய்த உறவினர்கள் இந்த மலரைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

இப்போது நான் யாரிடமும் சொல்லாத ஒன்று. அன்றைக்கு முதலில் கத்தி வைத்தது என் கையில். எனக்கும் சுட்டது. குப்பமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சரம்மா கத்தினாள் என்று சிரிப்பார்களே என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். நான் வாயைத் திறந்து "சுடுதுக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்கா நிறுத்தியிருப்பார். அடுத்தவள் தேசம்மா. வாயாடி என்று பெயர் வாங்கிய நான், பேச வேண்டிய ஒரே இடத்தில் பேசவில்லை. எத்தனையோ வருடம் இதை விழுங்கிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் அடையாறு ஆஸ்பத்திரியில் ஒரு பிற்பகல், மகன் மருந்து வாங்கப் போயிருந்த நேரம், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன். "அக்கா, அன்னைக்கு எனக்கும் சுட்டுச்சு."

அக்கா கண்ணைத் திறந்தார். "தெரியும்டி" என்றார். "நீ உதட்டைக் கடிச்சதைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன். நிறுத்தினா எல்லாரும் எழுந்து போயிடுவாங்கன்னு பயம்."

நான் சொல்லாததற்கும் சேர்த்து அக்கா பழியைச் சுமந்தார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியக்கூடாது என்று அவர் தன் பங்கைச் சுமந்திருக்கிறார். ஒரே வீட்டில் பிறந்த இருவர் ஒரே முள்ளைத் தனித்தனியாக வைத்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து, "தேசம்மா கிட்ட நீ சொல்லிடு. எனக்குத் தைரியம் வரலை" என்றார். அதற்குப் பின் ஒரு வாரம்தான் இருந்தார்.

அக்காவின் கடைசி நாட்களில் கண் மூடாமல் பார்த்துக்கொண்ட மகனுக்கும் மருமகளுக்கும், அடையாறில் சிகிச்சை அளித்த டாக்டருக்கும் செவிலியருக்கும், நோயில் பூசுதல் கொடுத்த பங்குத் தந்தைக்கும், அடக்கத்தன்று தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. காலஞ்சென்ற அஞ்சலை அம்மாளுக்கும், கல்லறைவரை வந்து மண் போட்ட அவர் மகனுக்கும் எங்கள் நன்றி.

போன வாரம் நான் நொச்சிக்குப்பம் போனேன். கூடைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தேசம்மா மீன் அறுப்பதை நிறுத்தாமல் கேட்டார். கடைசியில், "எனுக்குத் தெரியும் டீச்சரம்மா. உனுக்கு அடுத்தால நான்தானே நின்னுக்கினு இருந்தேன். உன் கை துள்ளிச்சே" என்றார். ஒரு வஞ்சிர மீனை இலையில் சுற்றி என் கையில் வைத்தார். "அக்காவுக்கு வருசம் வருதில்ல. சமைச்சிப் படை" என்றார்.

தேசம்மா அவர்களுக்கு இந்த மலரில் தனியாக ஓர் இடம் கேட்டு வாங்கினேன். மூன்று பேருக்குத் தெரிந்திருந்த உண்மையை அன்று உரக்கச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவருக்கு அப்போது வயது ஐந்து.